நாற்பத்தேழாம் நம்பர் மாதிரிப் பை

பம்பாய், மாட்டுங்கா
14-6-1954

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கும் அத்தானுக்கும் ராஜதாஸ் எழுதுவது. நான் சுகம். நீங்கள் இருவரும் குழந்தை புஷ்பபாயும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. துணி காய மூன்று நாள் ஆகிறது. வயிற்று உபாதை குறைந்திருக்கிறது. அக்கா அனுப்பிய சுக்குப்பொடி இன்னும் மிச்சம் உண்டு.

வேலை மாறியிருக்கிறது. சர்க்கார் பரிசோதனைச் சாலையில் என்னை மணல் கண்காணிப்புப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அக்காவுக்குப் புரியும்படி எழுதுகிறேன். நம் கடற்கரையில் கருமணலுக்கும் செம்மணலுக்கும் நடுவே தேன் நிறத்தில் மின்னுமே, அதன் பெயர் மோனசைட். ஒரு காலத்தில் கேஸ் விளக்கு மாண்டில் செய்ய வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாகக் கொண்டு போனான். அதில் தோரியமும் வேறு சில அபூர்வ உலோகங்களும் உண்டு. அணுசக்திக்கு வேண்டியவை. அதனால் இப்போது கருமணலைக் கப்பலேற்றலாம். மோனசைட்டை ஒரு பிடிகூட ஏற்றக் கூடாது. பிரித்தெடுத்து சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் கப்பலுக்கு முன்னால் ஒரு துணிப்பை மாதிரி மணலை அரக்கு முத்திரை வைத்து எங்களுக்கு அனுப்பும். அதில் மோனசைட் இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் கப்பல் நகரும்.

சனிக்கிழமை வந்த பையில் "பொழியூர், நம்பர் 43" என்று எழுதி, கீழே எஸ். சுந்தரதாஸ் என்று கையெழுத்து. அத்தான் அந்தக் கம்பெனியின் மணல் பிரிக்கும் ஷெட்டில் ஓவர்சியர் என்பது தெரியும். ஆனாலும் ஆயிரம் மைலுக்கு இப்பால் அவர் எழுத்தைக் கண்டதும் எனக்கு ஊருக்கு வந்துவிட்டதுபோல் ஆயிற்று. பக்கத்து மேசைக்காரனிடம் காட்டினேன். மணல் சுத்தமாக இருந்தது.

புஷ்பபாய்க்கு முத்தம்.
தம்பி,
ராஜதாஸ்

பாறசாலை
2-7-1954

அன்புள்ள தம்பிக்கு அக்கா செல்லபாய் எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம். சுக்குப்பொடியை வெறும் வயிற்றில் குடி. காப்பிக்குப் பிறகு குடித்தால் குணம் கிட்டாது.

இங்கே ஊர் முழுக்க எல்லைப் பேச்சு. தமிழ்த் தாலுக்காக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று நாள்தோறும் கூட்டம். நெய்யாற்றின்கரைத் தாலுக்காவின் தெற்குப் பகுதியும் தமிழ்தான் என்று நம் பக்கத்துக்காரர்கள் கணக்கெடுத்துக் கொண்டிருக்கிறார்கள். என் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை எடுத்துவிடப் போவதாக வதந்தி. உன் அத்தான் ஷெட்டிலிருந்து வந்ததும் வராததுமாய்க் கூட்டத்துக்குப் போய்விடுகிறார். எதிர்வீட்டு ஸ்ரீகுமாரி, "டீச்சரே, அதிர்த்தி வந்தால் நம்மட கிணறு எந்தப் பக்கம்?" என்று எல்லையைப் பற்றிக் கேட்டாள். அவளுக்கும் நமக்கும் ஒரே கிணறு.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்தேன். பை உன் மேசைக்கு வரும் பகுதியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பெருமையாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிறு ஆராதனையை விடாதே.
அக்கா

பம்பாய்
19-8-1954

அன்புள்ள அக்கா,

பதினொன்றாம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு என்று இங்கே பத்திரிகையில் வந்திருக்கிறது. பெயர்கள் போடவில்லை. அன்றே தந்தி கொடுத்தேன். பதில் இல்லை. மாட்டுங்கா சபையில் நம் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம்.

அத்தான் அன்றைக்கு எங்கே இருந்தார்? ஒரு வரி எழுதினால் போதும். வேறு சமாசாரம் பிறகு எழுதலாம். நான் சுகம்.

ராஜதாஸ்

பாறசாலை
9-9-1954

அன்புள்ள தம்பி,

உன் தந்தியும் கடிதமும் கிடைத்தன. பதில் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். தபாலாபீஸ் ஒழுங்காக இல்லை. நாங்கள் நலம்.

பள்ளிக்கூடம் எட்டு நாள் மூடியிருந்தது. இப்போது நடக்கிறது. புஷ்பபாய்க்கு மணல்வாரி அம்மை வந்து இறங்கிவிட்டது. வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டினேன். பொழியூரில் இந்த வருஷம் கடலேற்றம் அதிகம். ஏழெட்டு வீடு போயிற்றாம். ஷெட்டில் மணல் காயவைக்கிற சாராம்மா வீட்டின் பின்சுவரும் விழுந்துவிட்டது. அவளும் பிள்ளைகளும் கோயில் வராந்தாவில் இருக்கிறார்கள்.

மரச்சீனிக் கிழங்கு இந்த முறை நல்ல விளைச்சல். நீ இருந்தால் தின்பாயே என்று நினைத்தேன்.

அத்தான் சுகம்.

அக்கா

பம்பாய்
4-10-1954

அன்புள்ள அக்கா,

புஷ்பபாய்க்கு உடம்பு தேறியது அறிந்து சந்தோஷம். நான் சுகம். நம் சபையில் அறுப்பின் பண்டிகை நடந்தது. ஒருவர் பறங்கிக்காயோடு ரயிலேறி வந்திருந்தார்.

நாற்பத்தைந்து, நாற்பத்தாறு என்று இரண்டு பைகள் பொழியூரிலிருந்து வந்தன. இரண்டும் சுத்தம். அக்கா, நான் அந்தக் கரையில் உருண்டு வளர்ந்தவன். எத்தனை காந்தத்தில் போட்டுப் பிரித்தாலும் நம் கருமணலில் கொஞ்சம் தேன் நிறம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். எங்களிடம் கதிர் எண்ணும் கருவி ஒன்று உண்டு. மோனசைட் பக்கத்தில் வந்தால் டிக்டிக்கென்று அடிக்கும். மற்றக் கம்பெனிகளின் மணலுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாவது அடிக்கிறது. பொழியூர் மணலுக்கு அது வாயே திறப்பதில்லை. என் பிரிவின் பெரியவர், "உன் ஊர்க்காரர்கள் மணலைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார்களா?" என்று கேட்டார். தமாஷாகத்தான் கேட்டார். நானும் சிரித்தேன்.

இன்னொன்று. பையின் மேல் அத்தான் எழுத்து மாறியிருக்கிறது. கையில் ஏதும் காயமா? நீ போன கடிதத்தில் அவரைப் பற்றி இரண்டே சொல் எழுதியிருந்தாய்.

உன் தம்பி

பாறசாலை
25-10-1954

அன்புள்ள தம்பி,

நலம். நலமறிய ஆவல்.

அத்தானுக்கு வலது பெருவிரலில் ஒரு கட்டி. அதனால்தான் எழுத்து அப்படி. பச்சிலை வைத்துக் கட்டியிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

உனக்கு இருபத்தெட்டு முடிகிறது. நம் உபதேசியார் யோசுவா ஐயா பளுகலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். இன்டர்மீடியட் படித்தவள். கொஞ்சம் குரல் ஓங்கிப் பேசுவாளாம். நீ வாய் திறக்காதவன், சரியாகப் போகும். போட்டோ அனுப்பட்டுமா?

மணல் விஷயமெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அதை என்னிடம் எழுதாதே.

அக்கா

பம்பாய்
8-11-1954

அக்கா,

நாற்பத்தேழாம் நம்பர் பை சனிக்கிழமை வந்தது.

ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போட்டிருக்கிறது. அந்தமாதிரி ஏழு போட நம் ஊரில் கற்றவர்கள் பெண்கள் போர்டிங்கில் அந்த ஜெர்மன் அம்மாவிடம் கணக்குப் படித்தவர்கள்தான். நீ என் சிலேட்டில் போட்டுக் கொடுத்து, நானும் அப்படியே போட்டு, எங்கள் பள்ளி வாத்தியாரிடம் அடி வாங்கினேன். அத்தான் ஒருநாளும் அப்படிப் போட மாட்டார்.

பையை நான் பிரிக்கவில்லை. என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அனுப்புகிறவர் உறவினர் என்றால் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்பது இங்கே விதி. ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அதைச் சொல்லத் தோன்றவில்லை. அது என் தப்பு. இந்த மாதம் முடியுமுன் சொல்லியே தீருவேன். அதற்கு முன்னால் உன்னிடமிருந்து உண்மை வேண்டும். அத்தான் எங்கே? அவர் பெயரை நீ ஏன் எழுதுகிறாய்?

பெண்ணின் போட்டோ இப்போது வேண்டாம்.

ராஜதாஸ்

பாறசாலை
17-11-1954

தம்பி,

இந்தக் கடிதத்தை நம் தபாலாபீஸில் போடவில்லை. அங்கே போடும்படி பூவார் போகிறவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சுகம் விசாரிக்க இதில் இடமில்லை.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி உன் அத்தான் ஷெட்டுக்குப் போகவில்லை. ஊர்வலத்துக்குப் போனார். சட்டை கிழிந்து, ஒரு செருப்போடு சாயங்காலம் வந்தார். மறுநாள் போலீஸ் பட்டியல் எழுதுகிறது, பஸ் மறித்த வழக்கில் அவர் பெயரும் உண்டு என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். அன்றே போய்விட்டார். எங்கே என்று இப்போதும் எழுத மாட்டேன்.

மூன்றாம் நாள் ஷெட் மேனேஜர் சதானந்தன் சைக்கிளில் வந்தார். பள்ளிக்கூடம் மூடியிருந்த நேரம். முற்றத்தில் நின்றபடியே, பயப்பட வேண்டாம் என்று தொடங்கினார்.

"டீச்சரே, பேடிக்கண்டா. பதினொண்ணாம் தேதி சுந்தரதாஸ் ஷெட்டில் உண்டாயிருந்து. ஹாஜர் புத்தகத்தில் ஞான் எழுதியாச்சு. போலீஸ் வந்தால் காட்டும்."

"அவரு அங்க வரல்லியே சாரே," என்றேன்.

"வந்து என்னாக்கும் புத்தகம் பறையுது. பின்ன, ஆளு உண்டெங்கில் ஆளின்ட ஒப்பும் வேணமே. மாதிரிப் பையில் ஒப்பிட சர்க்கார் சம்மதம் கொடுத்தது அவனுக்கு மட்டுமாக்கும். பையை இங்க கொடுத்து விடாம். டீச்சருக்கு நல்ல கையெழுத்தல்லோ?"

நான் யோசிக்க ஒரு நாள் கேட்டேன். அன்றே போலீஸ் ஷெட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்தது. பட்டியலில் அவர் பெயரைத் தள்ளி வைத்தார்கள், நீக்கவில்லை. நான் எழுத ஒப்புக்கொண்டேன். பழைய சீட்டுகளைப் பார்த்து அவர் கையெழுத்தை இரண்டு நாள் எழுதிப் பழகினேன். பிள்ளைகளுக்குக் காப்பி நோட்டில் எழுத்துக் கற்றுக் கொடுக்கிற நான்.

முதல் இரண்டு பைக்கு மணலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு உன் கடிதம் வந்தது. நான் பொழியூருக்குப் போய்ச் சாராம்மாவைப் பார்த்தேன். அவள் ஒளிக்கவில்லை. "டீச்சரே, அந்தப் பைக்குள்ள போற மணலு நாங்க நாலு பெண்ணுங்க தனியா இருந்து கழுவி, காந்தத்துல ஏழு வட்டம் போட்டு எடுக்கது. கப்பலுக்குச் சாக்குல போறது அது இல்ல. சாக்குல மஞ்சளு உண்டு. நல்லா உண்டு. ஆருகிட்டயும் சொல்லாதீங்க, எனக்க சுவரு இன்னும் கெட்டல்ல," என்றாள்.

மஞ்சள் என்றால் நீ எழுதிய மோனசைட்தான். அதைக் கேட்ட பிறகும் நாற்பத்தேழாம் பையில் எழுதினேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் எழுதியது இரண்டு. தெரிந்தே எழுதியது ஒன்று.

நீ சொன்னால் புத்தகம் பொய்யாகும். புத்தகம் பொய்யானால் அவரைப் பிடிப்பார்கள். இதற்குமேல் நான் என்ன எழுத? சொல்லாதே என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். அந்த வரி வரவில்லை.

செல்லபாய்

பம்பாய்
24-11-1954

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை பெரியவர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. பை என் அத்தான் பெயரில் வருகிறது, எழுத்து என் அக்காவுடையது, சாக்கிலிருக்கும் மணலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஐந்து மாதம் தாமதித்துச் சொல்கிறாய். இன்னும் ஐந்து மாதம் சும்மா இருந்திருக்கலாம். ஏன் சொன்னாய்?" என்று கேட்டார். "அந்தக் கருவி எனக்குச் சம்பளம் தருகிறது" என்று ஏதோ உளறினேன்.

என்னை மணல் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக் குப்பிகள் இருக்கிற கிடங்கில் போட்டிருக்கிறார்கள்.

இங்கிருந்து ஓர் அதிகாரி அங்கே வருகிறார். டிசம்பர் ஆறாம் தேதி குளச்சல் கிடங்கில் நாற்பத்தேழாம் சரக்கின் சாக்குகளைப் பிரிப்பார்கள். இதை உனக்கு எழுதலாமா என்று பெரியவரிடமே கேட்டேன். "எழுது. உன் அக்கா தானாக வந்து சொன்னால் சாட்சி. வராவிட்டால் என்ன ஆவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை," என்றார்.

அத்தானைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஹாஜர் புத்தகத்தை அவர்கள் கேட்பார்கள்.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. என் மேல் உனக்கு இருந்தால் எழுது.

தம்பி

பாறசாலை
3-1-1955

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பியிருந்தாய். நன்றி. கோயிலுக்குப் போகவில்லை. புஷ்பபாயை ஸ்ரீகுமாரி வீட்டில் விட்டிருந்தேன். அவள் அங்கேதான் அதிகம் இருக்கிறாள். உன் வயிறு எப்படி இருக்கிறது?

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை பனச்சமூட்டுக்குப் போனேன். சந்தைக்கு வருகிறவர்களோடு உன் அத்தானும் மலையடிவாரத்திலிருந்து இறங்கி வருவார். அங்கே வைத்துத்தான் நாங்கள் மாதம் ஒருமுறை பார்ப்பது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், வாழைக்குலை அடுக்கியிருந்த இடத்தில் நின்று சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"நீ போவாதே," என்றார்.

"போனா சாட்சி. போவல்லன்னா நானும் கள்ளி."

"உனக்கத் தம்பி பெரிய சர்க்கார் ஆளு. நாம மண்ணாக்கும். அப்பிடித்தானே?"

"அவன் என்ன செய்வான்? மணலு சொல்லுது."

"மணலுதானே! கடலு கொண்டு போடுது, கப்பலு கொண்டு போவுது. உனக்கும் எனக்கும் அதுல என்ன?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "மண்ணு நம்மதுன்னு கொடி பிடிச்சு வெடிக்கு முன்ன போனீங்க. அந்த மண்ணுதான் சாக்குல கெட்டிப் போவுது. அதுக்கு நான் உங்க பேரை எழுதிக் குடுக்கியேன்."

அவர் என்னை அடிக்கவில்லை; ஒருநாளும் அடித்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். "வழக்குல பிடிபட்டா மாலை போடுவானுவ. இப்ப மணல் கள்ளன்னு சொல்லுவானுவ. தமிழுக்காவ ஒளிஞ்சவனை நீ மணலுக்காவக் காட்டிக் குடுத்திட்ட," என்றார். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆறாம் தேதி குளச்சலுக்குப் போனேன். கிடங்கில் சாக்குகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. அதிகாரி மராத்திக்காரர். நான் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மூன்று பையிலும் எழுதியது நான் என்றும், ஆகஸ்ட் பதினொன்று முதல் என் வீட்டுக்காரர் ஷெட்டில் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு பெட்டியைச் சாக்கின் பக்கத்தில் வைத்தார். நீ எழுதிய அந்தக் கருவிதான். சட்டியில் மிளகு பொரிகிறதுபோல் சத்தம் விடாமல் கேட்டது. சாக்கைக் கிழித்தார்கள். கருமணலுக்குள் மஞ்சள், கண் கூசும்படி. சதானந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டாம் தேதி உன் அத்தான் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்றுவிட்டார். ஊர்வல வழக்கில் சிறையில் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போனேன். வரவில்லை என்று சொல்லியனுப்பினார். இரண்டு முறை.

கள்ளக் கையெழுத்துப் போட்டவள் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான். ஷெட் மூடியிருக்கிறது. சாராம்மாவும் மற்றப் பெண்களும் சும்மா இருக்கிறார்கள். கோயில் வாசலில் என்னைக் கண்டால் அவள் மறுபக்கம் போகிறாள்.

உன் மேல் கோபம் உண்டா என்று கேட்டிருந்தாய். அதை இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை.

அக்கா

பம்பாய்
28-3-1955

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன்னிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதமில்லை. மணியார்டர் திரும்பி வந்தது. நீ வாங்க மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் அனுப்பினேன்.

அங்கே மந்திரிசபை மாறியதால் ஊர்வல வழக்குகளைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று படித்தேன். அத்தான் வெளியே வந்துவிட்டாரா? வந்திருந்தால் என் நமஸ்காரத்தைச் சொல். ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் சொல்.

ஷெட்டைச் சர்க்கார் தன் மேற்பார்வையில் திறக்கப் போகிறது. பழைய வேலைக்காரப் பெண்களையே எடுப்பார்கள். இது உறுதியாகக் கேட்ட செய்தி. சாராம்மாவுக்குச் சொல்லிவிடு.

விசாரணை இன்னும் முடியவில்லை. ஜூன் மாதம் நெய்யாற்றின்கரையில் பயணியர் பங்களாவில் அதிகாரி உட்காருவார். பொழியூரிலிருந்து முன்பு வந்த பைகள் எல்லாம் இங்கே பத்திரமாக இருக்கின்றன. ஒன்று முதல் நாற்பத்துநான்கு வரை. அவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அவற்றுக்கும் கருவி வாய் திறக்கவில்லை.

இதற்குமேல் நான் எழுதக் கூடாது.

ராஜதாஸ்

பாறசாலை
30-6-1955

அன்புள்ள தம்பி ராஜதாசுக்கு அக்கா எழுதுவது. மழை நன்றாகப் பெய்கிறது. புஷ்பபாய் வளர்ந்து என் தோளைத் தொடுகிறாள். நீ மெலிந்திருப்பதாக மாட்டுங்காவிலிருந்து வந்தவர் சொன்னார், ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அத்தான் ஏப்ரலில் வெளியே வந்தார். சிறை வாசலில் மற்றவர்களுக்கு மாலை போட்டார்கள். அவருக்கும் ஒருவர் போட வந்தார். பின்னாலிருந்து யாரோ ஏதோ சொன்னதும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டார். அத்தான் நடந்து வீட்டுக்கு வந்தார். சோறு போட்டால் தின்றார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் புஷ்பபாயிடம் சொல்வார். அவள், "அம்மைகிட்ட நீங்களே சொன்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். எழுந்து வெளியே போய்விட்டார்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை ஒளிக்காமல் அலமாரியின் மேல் வைத்திருந்தேன். அவர் எடுத்து வாசித்ததைப் பார்த்தேன். ஒன்று முதல் நாற்பத்துநான்கு வரை என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். தம்பி, அந்த வரியின் அர்த்தம் எனக்கு முன்பே தெரியும். அவர் மேசையிலிருந்த பழைய பைச் சீட்டுகளைப் பார்த்துத்தானே அவர் எழுத்தைப் பழகினேன்? அத்தனையும் அவர் கையெழுத்து. சாராம்மா அன்றைக்கே, "ரெண்டு கொல்லமாட்டு இப்பிடித்தான் டீச்சரே," என்று இரண்டு வருஷக் கதையையும் சொல்லியிருந்தாள். அதை மட்டும் உனக்கு எழுதவில்லை, குளச்சலிலும் சொல்லவில்லை. நான் எழுதிய மூன்று பைக்கு மட்டும் பதில் சொன்னேன்.

சென்ற வியாழக்கிழமை விசாரணை. என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவரைக் கூப்பிடவில்லை. காலையில் நான் புறப்பட்டபோது அவரும் வேட்டி மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ்ஸில் அவர் முன்பக்கம் உட்கார்ந்தார், நான் பின்பக்கம். அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுத்தோம்.

பங்களாவில் என் வாக்குமூலம் முடிந்ததும் அவர் உள்ளே வந்து, தனக்கும் சொல்ல உண்டு என்றார். அதே மராத்தி அதிகாரி. எழுதுகிற குமஸ்தா மலையாளத்துக்காரர், நல்ல மனுஷன். "பறஞ்ஞோளூ," என்று பேனாவை எடுத்தார்.

"மலையாளத்துல வேண்டாம். தமிழுல எழுதணும்," என்றார் அத்தான்.

"நிங்ஙள்க்கு மலையாளம் நல்லோணம் அறியுமல்லோ?"

"அறியும். உங்களை விட நல்லா அறியும். இது என் குத்தமாக்கும். என் பாஷையில எழுதினாத்தான் ஒப்பிடுவேன்."

அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி, ஆளைக் கொண்டுவாருங்கள் என்றார். தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன். நான் எழுதக் கூடாது. உபதேசியார் யோசுவா ஐயாவுக்கு ஆள் போய், அவர் சைக்கிளில் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அத்தான் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

பிறகு சொன்னார். இரண்டு வருஷம் நாற்பத்துநான்கு பைகளை அவரே கட்டி முத்திரை வைத்தது. சாக்கில் என்ன போகிறது என்று தெரிந்தே செய்தது. வேலை போகும் என்ற பயத்தில் முதல் பை, பிறகு பழக்கத்தில் மற்றவை. "என் பெண்டாட்டி எழுதினது மூணு. அவ அதை என்னைப் பாத்துத்தான் படிச்சா. அவ மேல வழக்கு வேண்டாம்," என்று முடித்தார். நான் ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

யோசுவா ஐயா எழுதியதை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தார். "ஐயா, முத்திரைக்கு ஒரு த் விட்டுப்போச்சு," என்று திருத்தச் சொன்னார். திருத்திய பிறகு கையெழுத்துப் போட்டார்.

என் மேல் வழக்கு வராது என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். அத்தானுக்கும் சதானந்தனுக்கும் உண்டு. ஆறு மாதமாவது இருக்கும் என்கிறார்கள். அதற்கு மாலை கிடையாது. சாராம்மா ஷெட்டில் மறுபடியும் வேலைக்குப் போகிறாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன முடிவு என்று இன்னும் தெரியவில்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுதவில்லை அல்லவா? கோபம் இருந்தது, தம்பி. குளச்சலிலிருந்து திரும்பும்போது நிறைய இருந்தது. இப்போது தேடினால் கிடைக்கவில்லை. விடுப்புக் கிடைத்தால் வா. அத்தான் உள்ளே போகுமுன் வந்தால் நல்லது.

அன்றைக்குத் திரும்பும்போது மழை. பஸ்ஸில் நல்ல கூட்டம். நான் வழக்கம்போல் பின்னால் போய் இடம் பிடித்து, காசை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். கண்டக்டர் முன்னாலிருந்து வந்தார். "பாறசாலை, ரெண்டு," என்று உன் அத்தான் சொன்னது எனக்குக் கேட்டது.

உன் அக்கா,
செல்லபாய்